செம்புத் தகடும் ஊறுகாய் பாட்டிலும்

நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது அறிவியல் எடுக்கிற அபிநயா போன வாரம் போன் செய்தாள். சுறுசுறுப்பான பிள்ளை. "டீச்சர், எட்டாம் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்துருச்சு. சோதனை எல்லாமே வீடியோவா இருக்கு. உங்க அலமாரி இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது. எடுத்துரலாமான்னு கேக்கத்தான்..." என்று இழுத்தாள். ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கிறவளிடம் அனுமதி கேட்கத் தோன்றியதே, அதற்காகவே அவளை மெச்சிக்கொண்டேன்.

"தாராளமா எடு தாயி. ஆனா மூணாவது தட்டுல ஒரு ஊறுகாய் பாட்டில் இருக்கும். அத மட்டும் யாரும் தொடக் கூடாது" என்றேன்.

"அதுல என்ன டீச்சர் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. ரெண்டு துண்டு அலுமினியத் தாளு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, "எழுதித் தாங்களேன் டீச்சர், புதுசா வந்தவங்க எல்லாரும் படிப்போம்" என்றாள். எழுதச் சொல்லி ஒருவர் கேட்டால் நான் விடுவேனா? இதோ எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் விருதுநகர்க்காரி. அப்பாவுக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். தும்மிக்கொண்டே வாய்ப்பாடு படித்த குடும்பம் எங்களுடையது. ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகையில் வரி கோணாமல் எழுதவும், பாடத்திட்டத்துக்குப் பக்கம் பக்கமாக அட்டவணை போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றிக் காட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் படிப்போடுதான் ஆமத்தூர்ப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றுக்கு ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கப் போனேன். பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் முன்பு வயக்காட்டு வேலைக்குப் போனவர்கள். நான் போனபோது முக்கால்வாசிப் பேர் வெடி ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்; எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். காலையில் கம்பெனி வண்டி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனபின்தான் எங்கள் பள்ளி மணியே அடிக்கும்.

போன புதிதில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு. எரிவதற்குக் காற்று வேண்டும் என்று பாடம். தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே கவிழ்க்க ஒரு கண்ணாடித் தம்ளர். எல்லாம் தயார். "யாருகிட்டயாவது தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டேன். எல்லாரும் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் தீப்பெட்டி அனுப்புகிற மண்ணில், ஒரு வகுப்பறையில் ஒரு தீப்பெட்டி இல்லை. சத்துணவு ஆயாவிடம் வாங்கி வந்து, குனிந்து, கிழித்து, திரியில் வைத்து, பெருமையாக நிமிர்ந்தேன்.

வகுப்பில் ஒரு பிள்ளை இல்லை.

இரண்டு வாசல், ஒரு ஜன்னல், மூன்று வழியாகவும் போயிருக்கிறார்கள். சத்தமும் இல்லை, தள்ளுமுள்ளும் இல்லை. எட்டிப் பார்த்தால் கொடிக்கம்பத்தடியில் நின்று தங்களைத் தாங்களே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஒருத்தி கையை ஆட்டி, "டீச்சர், நீங்களும் வெளிய வாங்க!" என்று கத்தினாள். எனக்கு வந்த கோபத்தில் தம்ளரைக் கையில் பிடித்தபடியே வெளியே போனேன்.

"என்ன எளவு இது? எதுக்கு ஓடுனீங்க?"

"உள்ள நெருப்பப் பாத்தா ஏன் எதுக்குன்னு கேக்காம வெளிய ஓடிரணும்னு அம்மா சொல்லிருக்கு டீச்சர்."

கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. வீட்டில் சோறு ஊட்டும்போதே சொல்லிக்கொடுத்த பாடம் அது. நான் அதற்கு மேல் என்ன கற்றுக்கொடுக்க? அன்றைக்கே முடிவு செய்தேன்: நெருப்பு உள்ள சோதனை எல்லாம் கொடிக்கம்பத்தடியில், பக்கத்தில் ஒரு வாளி மணல். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். தம்ளரைக் கவிழ்த்ததும் மெழுகுவர்த்தி அணைந்து தண்ணீர் மேலே ஏறியதைப் பார்த்து அவர்கள் போட்ட கூச்சலில், ஊருக்குள் இருந்து இரண்டு பேர் என்னமோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார்கள்.

அடுத்தது எங்கள் தலைமையாசிரியர். நல்ல மனிதர். ஆனால் 'சரி' என்ற சொல்லும் 'முடியாது' என்ற சொல்லும் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் வலது பக்கம் துடைப்பார், இடது பக்கம் துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு மாட்டிக்கொண்டு, "யோசிப்போம் டீச்சர்" என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அறிவியல் சாமான்கள் வைத்திருந்த மர அலமாரியின் சாவி அவர் மேசை இழுப்பறையில் இருக்கும். முகவை, சோதனைக்குழாய், லென்சு என்று உள்ளே எல்லாம் உண்டு, வந்த தாளில் சுற்றியபடியே. கேட்டால், "உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" ஆயுத பூசைக்கு மட்டும் அந்த அலமாரிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. மறுநாள் பூ வாடும், சாவி இழுப்பறைக்குள் போய்விடும்.

சரி, அலமாரி திறக்காவிட்டால் என்ன? வீட்டில் காலியான ஊறுகாய் பாட்டில் இல்லையா? இனி வருவதுதான் பாட்டிலின் கதை.

எட்டாம் வகுப்பில் நிலைமின்சாரம் பாடம் வரும். அதற்கு ஒரு கருவி இருக்கிறது, நிலைமின்காட்டி. கடையில் வாங்க வேண்டியதில்லை. வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் கதை கெட்டது. பிளாஸ்டிக் மூடியில் ஓட்டை போட்டு ஒரு செம்புக் கம்பியை இறக்க வேண்டும். கம்பியின் மேல் முனையை முறுக்கு மாதிரி தட்டையாகச் சுற்றிவிட்டு, கீழ் முனையைக் கொக்கியாக வளைக்க வேண்டும். கொக்கியில் இட்லி பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாளை விரல் நீளத்துக்கு வெட்டி, இரண்டு இலைகளாகத் தொங்கவிட வேண்டும். பளபளப்பாக இருக்கிறதே என்று ஜிகினாத் தாளை எடுக்காதே அபிநயா, அதில் பாதி பிளாஸ்டிக், ஏமாற்றிவிடும். அப்புறம் ஒரு பிவிசி குழாய்த் துண்டு. அதைத் தேய்க்க எங்கள் பி.டி. சாரின் பாலியஸ்டர் சட்டையைவிடச் சிறந்த பொருள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. மனிதர் பொறுமையாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தேய்த்த குழாயை முறுக்கின் மேல் இழுத்தால், மின்சாரம் இறங்கி, உள்ளே இரண்டு இலைகளும் சண்டைக்காரப் பங்காளிகள் போல விலகிக்கொள்ளும். விரலால் முறுக்கைத் தொட்டால் மின்சாரம் உடம்பு வழியாகத் தரைக்குப் போய்விடும், இலைகள் தொப்பென்று சேர்ந்துகொள்ளும். மாசி, பங்குனியில்தான் இதைச் செய்ய வேண்டும். அப்போது எங்கள் ஊர்க் காற்று பொரித்த அப்பளம் மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் மாசியில் இலைகள் ஜோராக விரிந்தன. நான் கேட்டேன்: "உங்க அம்மாவெல்லாம் வேலைக்குப் போறப்ப, ரூம் வாசல்ல எதையோ தொட்டுட்டுத்தானே உள்ள போறாங்க? எதை?"

வகுப்பே கத்தியது: "செம்புத் தகடு!"

"தொட்டுட்டு?"

"கண்ணுல ஒத்திக்கிருவாக!"

உடம்பிலும் துணியிலும் சேர்ந்திருக்கிற மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கிவிட்டு உள்ளே போகத்தான் அந்தத் தகடு. உள்ளே வெடிமருந்து இருக்கிறதே, ஒரு சின்னப் பொறி போதும். ஆனால் வாசலில் இருப்பதைத் தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நம் ஆட்களுக்குக் கை இறங்காது. நான் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது மாரீஸ்வரி எழுந்தாள். அதிகம் பேசாத பெண். அவள் அம்மா குருவம்மா வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை.

"செம்பு செவப்பாத்தானே டீச்சர் இருக்கும்? எங்க அம்மா ரூம் வாசல்ல தங்கக் கலர்ல இருக்குது."

"பித்தளையா இருக்கும்மா."

"இல்ல டீச்சர். ஆயுத பூசைக்குக் கம்பெனில பொரி வாங்கப் போனப்ப பாத்தேன். போர்மேன் மாமா பெயிண்டு டப்பாவ வச்சுக்கிட்டு, சாமி மாதிரி இருக்கணும்னு அடிச்சுக்கிட்டு இருந்தாக. வருசா வருசம் அடிப்பாகளாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "பெயிண்டு மேல தொட்டாலும் இலை விழுமா டீச்சர்?"

 விழாது என்று மனசு சொன்னது. ஆனால் அந்தப் பெண்ணின் அம்மாவைப் பற்றிய கேள்விக்கு மனக்கணக்கில் பதில் சொல்ல முடியுமா? "செஞ்சே பாத்துருவோமா?" என்றேன்.

சனிக்கிழமை விருதுநகர் பாத்திரக்கடையில் செம்புத் தகட்டை மூன்று துண்டாக வெட்டி வாங்கினேன். ஒன்று அப்படியே. ஒன்றுக்குச் சந்தனம், குங்குமம். ஒன்றுக்குப் பள்ளிப் பெயர்ப்பலகைக்கு வாங்கி மிஞ்சிய தங்கப் பெயிண்ட், மூன்று கோட்டு. மூன்றையும் முகம் கீழே பார்க்க ஒரு பலகையில் தொங்கவிட்டு, பின்பக்கத்திலிருந்து கம்பி இழுத்து, தரைக்குள் இறங்குகிற அடிபம்புக் குழாயில் கட்டினோம். பாட்டில்தான் வேலைக்கு வருகிற ஆள், அதன் தலையில் இருக்கிற முறுக்குதான் விரல். அந்த ஆள் வந்து தகட்டைத் தொட வேண்டும்.

வெறும் தகட்டில் தொட்டதும் இலைகள் விழுந்தன. பாட்டிலை எடுத்தபின்னும் விழுந்தே கிடந்தன. சந்தனத் தகட்டில் ஈரமாக இருந்தபோது விழுந்தன, காய்ந்தபின் ஒரு தடவை விழுந்தன, ஒரு தடவை அடம் பிடித்தன. தங்கத் தகட்டில் தொட்டதும் இலைகள் தாழ்ந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். மாரீஸ்வரி பாட்டிலை எடுத்தாள். இலைகள் பழையபடி விரிந்துகொண்டன.

"டீச்சர், இது செத்த மாதிரி நடிக்குது" என்றாள். மின்சாரம் தரைக்குப் போகவே இல்லை, பாட்டிலிலேயேதான் இருந்தது.

அன்று சாயங்காலமே குருவம்மாவை வீட்டில் போய்ப் பார்த்தேன். கேட்டதும் பதறிவிட்டாள். "ஐயோ டீச்சர், நீங்க ஒண்ணும் சொல்லிறாதீக. பிள்ள சொல்லுச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கே என்னைய வேணாம்னுருவாக. இந்த ஒத்தச் சம்பளத்துலதான் இவ படிக்கா. நாங்க தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான போறோம், சாமி பாத்துக்கிரும்." வேலை போகலாம் என்ற பயம் அவளுக்குத் தெரிந்த பயம். இந்தப் பயம் அவளுக்குப் புதிது. இரண்டில் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. மாரீஸ்வரி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் போனேன். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு அறிவியல் கண்காட்சி வைப்போம், கம்பெனி போர்மேனையும் அழைப்போம், யார் பேரையும் சொல்லாமல் மூன்று தகட்டையும் வைப்போம் என்றேன். வகுப்பறை மின்விசிறிகள் எல்லாம் அந்தக் கம்பெனி வாங்கிக் கொடுத்தவை. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றினார். வலது பக்கம் துடைத்தார், இடது பக்கம் துடைத்தார்.

"உடையிற சாமான் ஏதும் உண்டா?"

"ஒரு ஊறுகாய் பாட்டில் சார்."

"சண்டை வருமா?"

"வந்தாலும் வரும் சார்."

கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். 'யோசிப்போம்' வரப்போகிறது என்று நான் எழுந்தேவிட்டேன். அவர் இழுப்பறையைத் திறந்து அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "வெறும் பாட்டில வச்சுக் கண்காட்சின்னா சிரிப்பாங்க. லென்சு, காந்தம் எல்லாத்தையும் எடுத்து வைங்க." எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. எங்கே மனசை மாற்றிக்கொள்வாரோ என்று, விழாமல் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

கண்காட்சி நாள். போர்மேன் தங்கராசு அண்ணாச்சி வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. மிகுந்த பக்திமான், அவர் ரூம்களில் ஒரு விபத்து நடந்ததில்லை என்று ஊரே மரியாதை வைத்திருந்தது. தகடு மேசைக்கு நான் வேறொரு பெண்ணைத்தான் நிறுத்தியிருந்தேன். மாரீஸ்வரியைக் காந்த மேசைக்கு அனுப்பிவிட்டேன், காரணம் தெரிந்ததுதான். ஆனால் அண்ணாச்சியைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "இது வந்து... இது வந்து..." என்கிறாள், அதற்கு மேல் வரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மாரீஸ்வரி வந்து பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டாள்.

"மூணு தகடு இருக்கு மாமா. இலைய விழ வைக்கணும். உங்களுக்கு எது வேணும்?"

அண்ணாச்சி சிரித்தார். "இதென்ன கேள்வி? தங்கத் தகடுதான்!"

அவரே பாட்டிலை வாங்கித் தொட்டார். இலைகள் தாழ்ந்தன. "பாத்தீகளா?" என்று சுற்றிலும் பார்த்தார். பாட்டிலை எடுத்தார். இலைகள் விரிந்தன. முகம் சுருங்கியது. மறுபடி தொட்டார், எடுத்தார். மறுபடி. பிறகு வெறும் செம்பில் தொட்டார். இலைகள் விழுந்தன, எழவே இல்லை.

"என்ன சார் இது, கண்கட்டு வித்தையா?" என்று தலைமையாசிரியரைக் கேட்டார்.

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி, நானும் இப்பத்தான் பாக்கேன். இன்னொரு வாட்டி தொட்டுப் பாருங்க" என்றார் எங்கள் சார். தெரியாது என்று அவர் நேராகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி பாட்டிலை வைத்துவிட்டு மாரீஸ்வரியைக் கூர்ந்து பார்த்தார். "ஏ பிள்ள, நீ குருவம்மா மகதான?"

 கூட்டத்தில் நின்ற குருவம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா மாமா."

"இதக் காட்டத்தான் என்னைய வரச் சொன்னீகளா?"

மாரீஸ்வரி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பெயிண்டு அடிச்சா மின்சாரம் இறங்காது மாமா. எங்க அம்மா அதத் தொட்டுட்டுத்தான் உள்ள போகுது."

அவருக்கு ஊற்றி வைத்த காபியையும் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே குருவம்மா மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

மறுநாள் மாரீஸ்வரி பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கம்பெனி வண்டியில் குருவம்மாவும் ஏறவில்லை என்று சத்துணவு ஆயா சொன்னாள். நன்றாக இருந்த குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனே என்று வகுப்பில் நின்றுகொண்டே அழுகை வந்தது. தலைமையாசிரியர் வந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். கம்பெனியில் சாப்பாட்டு நேரம். வேலைக்கு உடுத்துகிற பருத்திச் சேலையோடு, கையில் வெடிமருந்தின் சாம்பல் நிறம் கழுவியும் போகாமல், குருவம்மா பள்ளி வாசலில் நிற்கிறாள். பக்கத்தில் சீருடையில் மாரீஸ்வரி. 

"ரெண்டு நாளா எங்க ரூமையே பூட்டிப் போட்டாக டீச்சர்" என்றாள் குருவம்மா. "எல்லா வாசல்லயும் தகட்டச் சுரண்டுனாக. அண்ணாச்சியே உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேச்சாரு. பெயிண்டு அடுக்கடுக்கா உரிஞ்சுச்சு. சந்தனம், குங்குமம் எல்லாம் இனிமே சுவத்துலதானாம், தகட்டுல வச்சா சம்பளத்தப் பிடிப்பேன்னு சத்தம் போடுறாரு. இவள இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னதும் அவருதான்."

"அப்ப வேலை...?"

"இன்னைக்குக் காலைல போயிட்டேன்." அவள் வலது கையை என் முன்னால் நீட்டினாள். "டீச்சர், தகட்டத் தொட்டேன், சுருக்குன்னுச்சு."

"எங்க?"

"இந்தா, இந்த விரல்ல. முள்ளு குத்துன மாதிரி. எனக்கு மட்டுமில்ல, பின்னால வந்த ரெண்டு பேருக்கும் சுருக்குன்னுச்சு." சிரித்துக்கொண்டேதான் சொல்லத் தொடங்கினாள். சட்டென்று முகம் மாறியது. "இம்புட்டு வருசத்துல ஒரு நாள் கூட சுருக்குன்னதே இல்ல டீச்சர். அப்ப தினம் தினம் அம்புட்டையும் நான் உள்ளதான கொண்டுக்கிட்டுப் போயிருக்கேன்?"

 எத்தனை மாசி, பங்குனி அவள் அப்படி உள்ளே போயிருக்கிறாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாரீஸ்வரிதான் அம்மாவின் தோளில் கையைப் போட்டாள். "இன்னைக்கு வெளிய விட்டுட்டுத்தானம்மா போன?" என்றாள்.